இவான் குளிக்க வெந்நீர்

கள்ளிக்குப்பம்,
அம்பத்தூர்.

அன்பு மகள் பெனிஷாவுக்கு அப்பா எழுதுவது. மாதா தயவில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் முழங்காலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை இவானும் அந்த அயர்லாந்துக் குளிரில் நலமாக இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலை முடிவில் வேண்டிக்கொள்கிறோம். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் வந்தால் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், என் கைக்கு வரும்போது நீ டியூட்டிக்குக் கிளம்பிவிடுகிறாய்.

கிறிஸ்துமசுக்கு வரப் பார்க்கிறேன் என்று நீ சொன்னதிலிருந்து அம்மா ஆளே மாறிவிட்டாள். குழந்தை பச்சைத்தண்ணீரில் குளிக்குமா, அடுப்பில் காய்ச்சித் தூக்கிவரும்போது கைதவறினால் என்ன ஆகும் என்று ஒரே நச்சரிப்பு. கரண்ட் கீசர் வேண்டாம், ஷாக் அடிக்கும் என்றாள். சரி என்று கேஸ் கீசர் வாங்கியாயிற்று. மாட்டுவதற்கு மண்ணூர்பேட்டையிலிருந்து யூசுப் என்பவர் வந்தார். குளியலறைக்குள் மாட்டச் சொன்னேன், கேட்கவில்லை, சன்னலைச் சாத்திக்கொண்டு குளித்தால் கெட்ட காற்று சேர்ந்து ஆளையே சாய்த்துவிடும் என்று வெளிச்சுவரில் துவைக்கிற கல் பக்கமாக மாட்டி, குழாயை மட்டும் உள்ளே விட்டார். நம் வீட்டில் புதிதாக எது வந்தாலும் மெழுகுவர்த்தி ஏற்றிச் செபம் சொல்லாமல் அம்மா தொட மாட்டாள், உனக்குத் தெரியாததா, நீ வாங்கித் தந்த மிக்சிக்கே தீர்த்தம் தெளித்தவள். யூசுப் சிலிண்டரில் ரெகுலேட்டரைப் பொருத்தித் திருப்புகிறார், இவள் பின்னால் வேளாங்கண்ணி மெழுகுவர்த்தியைக் கொளுத்திக்கொண்டு வந்து நிற்கிறாள். உஸ்ஸென்று சத்தம், கேஸ் வாடை. அவர் ரெகுலேட்டரை மூடிய கையோடு திரும்பித் திரியை விரலால் நசுக்கி அணைத்தார். இன்னாம்மா இது, கேஸைத் தொறக்கசொல்ல நெருப்பை ஏந்திகினு வர்றீங்களே, மாதாவே பயந்துடுவாங்க என்றார். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சிலிண்டர் வாயில் இருந்த ரப்பர் வாஷர் கிழிந்திருந்ததாம். புதிது போட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வரவில்லை என்று எங்களுக்குக் காட்டிய பிறகுதான் திறந்தார். அம்மா மட்டும் விடுவாளா, மெழுகுவர்த்தியை வாசலுக்குக் கொண்டுபோய் ஏற்றிச் செபத்தை முடித்துவிட்டுத்தான் அவருக்குக் காபி கொடுத்தாள்.

கிளம்பும்போது யூசுப், பேரப்புள்ளைக்குத்தானே போட்றீங்க, இன்னா சூட்டுல குளிக்கும், சொல்லுங்க, வெச்சிட்டுப் போறேன் என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து போனில் மட்டுமே பார்த்த பிள்ளை, அவன் உடம்பு எந்தச் சூட்டைத் தாங்கும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும். பெனிஷாவுக்குக் கொஞ்சம் சுடச்சுட ஊற்றினால்தான் தூக்கம் வரும் என்று அம்மா ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், முடிக்க முடியாமல் உள்ளே போய்விட்டாள். அவர் குறைந்த சூட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். இன்றுவரை நாங்கள் அதில் குளிக்கவில்லை. முதலில் பிள்ளை குளிக்கட்டும் என்று அம்மா எனக்கு இன்னும் அடுப்பில்தான் தண்ணீர் காய்ச்சிக் கொடுக்கிறாள்.

நேராகவே கேட்கிறேன், லீவு கிடைத்ததா இல்லையா. கேட்கும்போதெல்லாம் பார்க்கலாம்ப்பா என்றே சொல்கிறாய். கிடைக்காவிட்டால் மறைக்காதே, வருத்தப்படுவோம், கோபப்பட மாட்டோம். உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது பெனிஷா. போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல், இவானுக்கு என் முத்தங்கள். இதற்குப் பதிலைக் கடிதமாகவே எழுது. வர முடியாது என்றால் என் பெயருக்குப் போடு, அம்மாவிடம் நான் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன். வருகிறேன் என்றால் அம்மா பெயருக்குப் போடு, அவளே பிரித்துப் படிக்கட்டும்.

உன் அப்பா,
ஆரோக்கியசாமி