அப்பாவின் வண்டியைத் திருப்பி அனுப்பினேன்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் பேசியபோது உன் தொண்டை கட்டியிருந்தது. எண்ணெய்க் கம்பெனி போனில் நாள் முழுக்க ஊரார் குறைகளைக் கேட்டுப் பதில் சொல்கிற வேலை, தொண்டை கட்டாமல் என்ன செய்யும். வெந்நீர் குடி, பனிக்குக் காதை மூடிக்கொள். வகுப்பில் பதில் தெரிந்தாலும் கையைத் தூக்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்த பிள்ளை நீ, நம் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கி, முகம் தெரியாத நூறு பேரிடம் தினமும் பேசுகிறாய் என்றால் எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

இந்தக் கடிதத்தை ஒரு பொய்யைத் திருத்துவதற்காக எழுதுகிறேன். போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் நீ அப்பாவைக் கேட்டபோது தூங்குகிறார் என்றேன். அவர் தூங்கவில்லை. பக்கத்து அறையில் தரையில் பரப்பிய சோயாவைக் கிளறிக்கொண்டிருந்தார். உன் குரல் கேட்டதும் கிளறுவதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார், நீ வைக்கிறேன் என்று சொன்னதும் மறுபடி கிளறினார். உன் அப்பா என்னிடம் பேச்சை நிறுத்தி நேற்றோடு பதினோரு நாள் ஆகியிருந்தது. எனக்கும் அவருக்கும் கல்யாணமான இத்தனை வருஷத்தில் சண்டை வராமல் இல்லை, ஆனால் சாயங்காலம் டீ குடிக்கிற நேரத்துக்குள் ஏதாவது ஒரு சாக்கில் முடிந்துவிடும். இது முடியவில்லை. காரணத்தை உனக்குப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அதில் உன் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. நீ பதறாதே, முழுக்கப் படித்துவிட்டு யோசி.

இந்த வருஷம் சோயா நன்றாகத்தான் விளைந்தது. இலையெல்லாம் கொட்டி, செடியை ஆட்டினால் காய்க்குள் மணி கிலுகிலுக்கிற பதம் வருவதற்கு நான்கு நாள் இருக்கும்போது மழை வரும் என்று ரேடியோவில் சொன்னார்கள். அறுவடை மிஷின்காரர் இன்றைக்கு விட்டால் அடுத்த வாரம்தான் என்று சொல்லிவிட்டார். அப்பா அறுத்துவிட்டார். பச்சை ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே களத்தில் அம்பாரமாகக் குவித்து, புதிதாக வாங்கிய நீலத் தார்ப்பாயைப் போட்டு மூடி, நான்கு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டி, ஓரம் முழுக்கக் கல் வைத்தார். உனக்குத்தான் தெரியுமே, அவர் ஒரு வேலை செய்தால் எறும்புகூட உள்ளே போக முடியாது. மழை நாலு நாள் பெய்தது. ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. ஆனால் உள்ளே இருந்த ஈரமும் வெளியே போகவில்லை. பக்கத்து வயல்காரர் இருக்கிறாரே, கிழிந்த தார்ப்பாய்க்காரர், பத்து வருஷமாக அதே கந்தலைப் போட்டு மூடுகிறவர், அவருடைய குவியலில் காற்று புகுந்து புறப்பட்டு, ஓரத்தில் இரண்டு மூட்டை நனைந்ததோடு மீதியெல்லாம் காய்ந்துவிட்டது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது.

மழை விட்ட வெள்ளிக்கிழமை அப்பா மூட்டை பிடித்து டிராக்டரில் ஏற்றிக்கொண்டு நேரே எங்கள் எண்ணெய் ஆலைக்கு வந்தார். நான் வாசலில் என் மேசையில் இருந்தேன். என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும், குத்தூசியை மூட்டைக்குள் இறக்கி மணியை உருவி, மிஷினில் போட்டு ஈரம் பார்த்துச் சீட்டு எழுதுவது. ஈரம் பதினாலு சதவீதத்துக்கு மேல் போனால் வண்டி வாசலோடு திரும்ப வேண்டும், அதுதான் ஆலைச் சட்டம். அப்பாவுக்கு முன்னால் கிழிந்த தார்ப்பாய்க்காரர் வண்டி நின்றது. பன்னிரண்டு வந்தது, போகச் சொன்னேன். அடுத்து அப்பா. சிரித்துக்கொண்டே ஒரு மணியை எடுத்துக் கடித்து, மேடம், கல்லு மாதிரி காஞ்சிருக்கு, சீட்டைக் குடுங்க என்றார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் குத்தினேன். பதினாறரை வந்தது. மிஷினைத் துடைத்துவிட்டு வேறு மூட்டையில் குத்தினேன். பதினேழு. நடு மூட்டைக்குள் கையை விட்டேன், காய்ச்சல்காரக் குழந்தையின் வயிறு மாதிரிச் சுட்டது. கையை எடுத்து முகர்ந்தேன். எனக்கு அந்த வாசனை தெரியும். உனக்கும் தெரியும்.

எடைமேடையில் இருப்பவரை நாங்கள் தலையாட்டி என்று சொல்வோமே, எதற்கும் சரி என்று தலையாட்டுகிறவர், அவர் மெதுவாக என் பக்கம் குனிந்து, அக்கா, மேல் மூட்டையில ஓரமா குத்துங்க, நான் அந்தப் பக்கம் பாத்துக்கறேன் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் மறுத்ததும் அப்பா முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. போன வருஷம் விட்டியே என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. அது உண்மை. இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. போன வருஷம் அவர் கொண்டுவந்த கடைசி வண்டி பதினைந்து காட்டியது, நான் பதினாலு என்று எழுதினேன். ஒன்றுதானே, குவியலோடு குவியலாகப் போய்விடும் என்று நினைத்தேன். அதற்கு ஐந்தாறு மாதம் கழித்து நீ லீவுக்கு வந்தபோது ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தாய். ஒரு நர்ஸம்மா உங்கள் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்த எண்ணெய் என்றும், டியூட்டி முடிந்து வந்து பிள்ளைக்கு உருளைக்கிழங்கு வறுத்தால் வீடெல்லாம் பழைய மீன் நாற்றம் அடித்து, பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டது என்றும், போனில் அந்தம்மா திட்டக்கூட இல்லை, நான் கடையில நின்னு விலையைப் பாத்து, பேரைப் பாத்து, நம்பித்தானேம்மா வாங்கினேன் என்று மட்டும் கேட்டாள் என்றும் சொன்னாய். நாலைந்து ஆலை எண்ணெய் உங்கள் டாங்கியில் கலக்கிறது, எங்கள் ஆலையும் அதில் ஒன்று என்றாய். அப்பா அந்தப் பாட்டிலைத் தொடவே இல்லை. ஆலைக்காரன் பண்ற தப்புக்கு என் பயிர் என்ன பண்ணும் என்று எழுந்து போய்விட்டார். நீ அதை உன் அறைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனாய், நான் தூசு தட்டும்போதெல்லாம் பார்ப்பேன். அதில் நான் விட்ட வண்டியின் எண்ணெய் ஒரு சொட்டாவது இருந்ததா இல்லையா என்று எந்த மிஷினும் சொல்லாது. இருக்காது என்று என்னால் சொல்லவும் முடியாது.

அதனால்தான் வெள்ளிக்கிழமை சீட்டில் பதினேழு என்று எழுதினேன். எழுத்து கோணலாக விழுந்தது. அத்தனை பேர் முன்னால் உன் அப்பா டிராக்டரைப் பின்னால் எடுத்துத் திருப்பினார். வாசல் குறுகல், இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தது, அந்த நேரம் போகவே இல்லை. எடைமேடையில் நின்ற கிழிந்த தார்ப்பாய்க்காரர் வேண்டுமென்று சொல்லவில்லை, வாய் சும்மா இருக்காதே, வீட்டம்மாவே திருப்பிட்டாங்களே, இனி சோறு எங்க என்று சொல்லிவிட்டார். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது கட்டில், நாற்காலி எல்லாம் வெளியே இருந்தன. முன்னறை, நடுவறை, உன் அறை, எல்லாத் தரையிலும் ஒரு விரல்கடை உயரத்துக்குச் சோயா பரப்பியிருந்தார். மின்விசிறிகள் ஓடின. சமையலறைக்குப் போக ஓர் ஆள் கால் வைக்கும் அளவுக்கு ஒரு தடம் விட்டிருந்தார், அவ்வளவுதான். நானும் மறு பக்கத்திலிருந்து கிளறத் தொடங்கினேன். அன்றிலிருந்து காலையில் வெயில் வந்தால் களத்துக்கு, மேகம் வந்தால் வீட்டுக்குள், இப்படி வாரி வாரி இரண்டு பேருக்கும் முதுகு போய்விட்டது. அவர் என்னிடம் பேசவில்லையே தவிர சுவரிடம் பேசினார். இந்த வீட்ல டீ கிடைக்குமா என்று சுவரைக் கேட்பார். பால் இல்லை, கடைக்குப் போனாத்தான் உண்டு என்று நானும் சுவருக்கே சொல்வேன். பாவம் அந்தச் சுவர். சிரிப்பாக எழுதுகிறேனே தவிர அப்போது சிரிப்பு வரவில்லை. அவர் சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்துவிடுவார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு வருஷ உழைப்பு கண்ணெதிரே வெந்துகொண்டிருக்கும்போது என் கையாலேயே அவரை ஊர் முன்னால் தலைகுனிய வைத்தேன், அவருக்கு இனி என்னோடு வாழப் பிடிக்குமா என்று கிளறிக்கொண்டே நினைப்பேன். நான் செய்தது தப்பு என்று ஒருநாளும் தோன்றவில்லை, அதனால் மன்னிப்பும் கேட்க முடியவில்லை.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, மத்தியானம் சாப்பிட ஆலையிலிருந்து வந்தவள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா உன் அறையில் சோயாவுக்கு நடுவே குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையில் அந்த நர்ஸம்மாவின் பாட்டில். மூடியைத் திறந்து முகர்ந்தார். முகத்தைச் சுளிக்கவில்லை, வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு அறையின் ஒரு மூலையிலிருந்து ஒரு கைப்பிடி சோயாவை எடுத்து முகர்ந்தார். இன்னொரு மூலையிலிருந்து எடுத்தார். சிலதைக் கடித்துத் துப்பினார். நான் வாசலுக்குப் போகாமல் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்து, கேட்கட்டும் என்று பாத்திரத்தை உருட்டினேன். உள்ளே போனபோது பாட்டில் பழையபடி கதவுக்குப் பின்னால் இருந்தது. 

நேற்று செவ்வாய்க்கிழமை மறுபடி டிராக்டரில் மூட்டை ஏற்றிக்கொண்டு ஆலைக்கு வந்தார். வாசலில் இப்போது இன்னொரு மேசை போட்டிருக்கிறார்கள், அங்கே ஒரு தம்பி ஈரம் பார்க்கிறார், அந்த வரிசையில் இரண்டே வண்டி. என் வரிசையில் ஏழு. அப்பா என் வரிசையில் வந்து நின்றார். வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றார். நான் ஒவ்வொரு வண்டியாகப் பார்க்கிறேன், நிமிரவே இல்லை. அவர் முறை வந்ததும் எழுந்து குத்தூசியை எடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்து, மேடம், அடி மூட்டை வரைக்கும் குத்துங்க என்றார். எனக்கென்று சொன்ன முதல் வார்த்தை அது. யாரும் சிரிக்கவில்லை. மேலே, நடுவே, அடியில் என்று ஆறு இடத்தில் குத்தினேன். எதுவும் பன்னிரண்டைத் தாண்டவில்லை. முகர்ந்தேன், சுத்தமான காய்ந்த மணி வாசனை. சீட்டு எழுதும்போதுதான் மூட்டையை எண்ணினேன், குறைந்தது. என்னங்க, ஒன்பது மூட்டை கம்மியா இருக்கே என்றேன். அந்த ஒன்பதுக்கும் மிஷின் பன்னண்டுதான் காட்டும், காஞ்சிடுச்சு, ஆனா உள்ள வெந்தது வெந்ததுதான், மிஷினுக்கு மூக்கு கிடையாது, வீட்லயே வெச்சிட்டேன், வயலுக்கு எருவா போகட்டும் என்றார். சொல்லிவிட்டுத் தலையாட்டியைப் பார்த்து, என்னய்யா, எடை போடறியா இல்ல தலையை மட்டும் ஆட்டப் போறியா என்று சத்தம் போட்டார். அவர் என்னைப் பார்க்காமல் இருக்கத்தான் அந்தச் சத்தம் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஒன்பது மூட்டையும் உன் அறையில் இருந்தன, இன்று காலை வயலுக்கு இழுத்துப்போனார். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன், நீ வருவதற்குள் வாடை போய்விடும். இப்போது இதை எழுதும்போது அப்பா எதிரே உட்கார்ந்து நீலத் தார்ப்பாயில் அங்கங்கே ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறார், காற்று போக வேண்டுமாம். நல்ல பாயைப் பாழாக்காதீங்க என்றால், நீ உன் சீட்டை எழுது, நான் என் பாயைப் பாத்துக்கறேன் என்கிறார். முழுதாகக் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தட்டை இன்றைக்கும் அவரே கழுவினார். ஆனால் டீயை என்னிடமே கேட்டார், சுவரிடம் கேட்கவில்லை.

நான் போன வருஷம் பதினாலு என்று எழுதியதை மேலாளரிடம் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். அப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. நீ வேலை செய்யும் இடத்தில் உனக்கு ஒரு கஷ்டமும் வராமல், வயிறு நிறைந்து, மனசு நிறைந்து, கேட்பவர்களுக்கு நேராகப் பதில் சொல்கிற தைரியத்தோடு நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். தொண்டைக்கு வெந்நீர், மறக்காதே. வருகிற ஞாயிறு போன் செய், அப்பாவே எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். எடுத்ததும் உன்னை எப்படி இருக்கே என்று கேட்க மாட்டார். கேட்கப்போவதை முன்னாலேயே கடிதத்தில் எழுதச் சொன்னார், எழுதுகிறேன்: அந்த நர்ஸம்மா மறுபடி நம்ம எண்ணெயை வாங்கினாங்களான்னு கேட்டு வை.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா