சக்கரம் வீட்டுக்குள் வரும்

ஃபேரர் பார்க், சிங்கப்பூர்
வியாழக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பிறகு

அன்புள்ள சம்சுன்னிசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கணவன் ஒலி முகம்மது எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை. அதனால் கண்ணால் பார்க்கக்கூடியதை மட்டும் எழுதுகிறேன். நிற்கிறேன், நடக்கிறேன், நேற்று கடைக்குப் போய்விட்டு வந்தேன். மாமி எப்படி இருக்கிறார்கள்? மகள் கையால் கஞ்சி கொஞ்சமாவது உள்ளே இறங்குகிறதா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

முக்கியமான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்டிருக்கும் டிக்கெட்டை ரத்து செய். நீ இப்போது இங்கே வரக்கூடாது.

ஃபோனில் சொல்லிப் பார்த்தேன். "நீங்க அங்க விழுந்து கிடப்பீங்க, நான் இங்க உக்காந்திருக்கணுமா? வர்றேன்னா வர்றேன்" என்று வைத்துவிட்டாய். பக்கத்தில் மாமி படுத்திருக்கும்போது உன்னாலும் சத்தம் போட முடியாது, என்னாலும் முடியாது. அதனால் சண்டையை எழுத்தில் போடுகிறேன். என் கூட்டாளி காதர் மைதீனின் மருமகன் ஃபாரூக் நாளைக்குத் திருச்சி போகிறான். சனிக்கிழமை நாகூருக்கு வந்து இதை உன் கையில் கொடுப்பான். மாமிக்கு வேண்டிய டயப்பரும் உனக்குத் தைலமும் அவனிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். அவனுக்கு டீயாவது கொடுத்து அனுப்பு.

நான் விழுந்ததை நம் மகன் அர்ஃபானும் பக்கத்து வீட்டு பதுருன்னிசாவும் உன்னிடம் ஆளுக்கொரு விதமாகச் சொல்லியிருப்பார்கள். பதுருன்னிசா சொல்லும்போது நான் மாடியிலிருந்தே உருண்டிருப்பேன். நடந்ததை நானே சொல்கிறேன், கேள்.

இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கரைத்தான் நீ பார்த்துவிட்டுப் போனாய். நான்கு காலிலும் ரப்பர். ஒவ்வொரு எட்டுக்கும் தூக்கி முன்னால் வைத்து, பிறகு நடக்க வேண்டும். காலம் முழுக்க பஸ் ஸ்டியரிங் பிடித்த என் வலது தோள் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். நீ விமானம் ஏறிய கொஞ்ச நாளிலேயே தோள் மறுத்துவிட்டது. சமையலறைக்குப் போய் வருவதற்குள் கை நடுங்கும்.

அர்ஃபான் பாவம், உட்லண்ட்ஸிலிருந்து ஓடிவந்தான். நான்கு சக்கரம், உட்கார இருக்கை, கைப்பிரேக் எல்லாம் வைத்த பெரிய வண்டி ஒன்றை வாங்கி வந்தான். எனக்கே ஆசையாகத்தான் இருந்தது. காரிடாரில் பிடித்து நின்ற உடனே அது என்னை விட்டுவிட்டு முன்னால் போனது. இத்தனை வருஷத்தில் நான் ஓட்டிய எந்த பஸ்ஸும் என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போனதில்லை. பிசியோதெரபி மிஸ் லிம் பார்த்துவிட்டு என் வலது கையால் அவள் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். "அங்கிள், திஸ் ஹேண்ட் கேனாட் பிரேக் லா. ஃபிரண்ட் டூ வீல் ஒன்லி" என்றாள். இந்தக் கைக்கு பிரேக் பிடிக்க வலு இல்லையாம்; பழைய வாக்கரிலேயே முன்காலில் இரண்டு சக்கரம் மாட்டிக்கொண்டு, பின்காலில் ரப்பரை அப்படியே விட்டுவிட வேண்டும். தள்ளினால் உருளும், அழுத்திப் பிடித்தால் ரப்பர் நிறுத்திவிடும். இதைவிட எளிமையான பிரேக் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

சக்கரம் வாங்குவதில் முதலில் ஏமாந்தோம். காதர் மைதீன் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த பெருமையில், எல்லாம் ஒரே சைஸ்தான் என்று எங்கிருந்தோ ஒரு ஜோடி கொண்டுவந்தான். அந்தச் சக்கரத்தின் குழாய் மெல்லிசு. வாக்கர் காலுக்குள் போய் ஆடியது. டேப்பைச் சுற்றி இறுக்கிவிட்டு, "இப்ப லாரியே ஏத்தலாம்" என்றான். மிஸ் லிம் அந்த டேப்பைப் பார்த்ததும் இரண்டையும் கழற்றித் தன் மேசைக்கு அடியில் வைத்துவிட்டாள். பிறகு அர்ஃபான் வாக்கரின் ஒரு காலைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். குழாயோடு குழாய் வைத்துப் பார்த்து, அதே கம்பெனியின் சக்கரத்தையே வாங்கி வந்தான். சின்னது, பெரியது என்று இரண்டு அளவு இருந்ததாம். பெரியதைத்தான் வாங்கச் சொன்னேன். சின்னது சிராங்கூன் சாலை சாக்கடை மூடியின் கம்பி இடுக்கில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.

சக்கரம் போட்டதும் முன்பக்கம் உயர்ந்து, என்னைப் பின்னால் தள்ளப் பார்த்தது. நான்கு காலையும் சமமாக்கி, நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் பிடி என் மணிக்கட்டுக்கு வரும்படி மாற்றினோம். சக்கரம் வெளிப்பக்கம் இருந்தபோது குளியலறைக் கதவில் இடித்தது. உள்பக்கமாகத் திருப்பிய பிறகு நுழைகிறது. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் ஏன் விழுந்தேன் என்றுதானே கேட்கிறாய்? அங்கேதான் வருகிறேன்.

நம் வீட்டில் உன் சட்டம் ஒன்று உண்டு. தெரு வாசலோடு நின்றுவிட வேண்டும். கலியாணமான வருஷமே "நாம தொழுகிற தரை இது" என்று என் பூட்ஸை வெளியே வைத்தவள் நீ. கவர்ன்மென்ட் ஆள் வந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவான். அந்தச் சக்கரமோ சந்தை ஈரம், மீன் தண்ணீர், பூக்கடை சேறு எல்லாவற்றிலும் உருண்டு வருகிறது. அதை எப்படி உள்ளே கொண்டுவருவேன்? நீ இல்லாத நேரத்தில் உன் தரையை நாறடித்தான் என்ற பேர் எனக்கு வேண்டாம். அதனால் வெளியே போய் வந்ததும் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, சக்கரக் காலை உருவி, செருப்பு ஸ்டாண்டில் செருப்புக்குப் பக்கத்தில் வைப்பேன். ரப்பர் காலை மாட்டிக்கொண்டு உள்ளே போவேன். பதுருன்னிசா பார்த்துவிட்டு, "என்ன ஒலி நானா, சக்கரத்தையும் செருப்பு மாதிரி கழட்டி வச்சிட்டீங்க!" என்று சிரித்தாள். நானும் பெருமையாகச் சிரித்தேன்.

போன சனிக்கிழமை அப்படித்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். அஸர் தொழுகைக்கு பாங்கு சொன்னது. அவசரம். வாக்கரின் காலைச் செருகினால் அந்தச் சின்ன பட்டன் துளைக்குள் வந்து டக்கென்று விழ வேண்டும். வலது பக்கம் விழுந்தது. இடது பக்கம் விழவில்லை, நான் பார்க்கவும் இல்லை. எழுந்து பாரத்தைக் கொடுத்தேன், வாக்கரின் இடது கால் சர்ரென்று உள்ளே இறங்கியது. நான் செருப்பு ஸ்டாண்டின் மேல் சாய்ந்து, அப்படியே தரையில் போனேன். உன் கற்றாழைத் தொட்டி உடைந்தது. முழங்கையில் தோல் போனது. அவ்வளவுதான். எக்ஸ்ரே எடுத்தார்கள், இடுப்பில் வைத்த இரும்பு அப்படியே இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்ததை அர்ஃபான் உனக்கு அனுப்பியிருப்பான், நம்பாவிட்டால் இன்னொரு தடவை படித்துப் பார்.

பயமில்லை என்று சொல்லமாட்டேன். எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது பயந்தேன். பக்கத்து வீட்டுக் கதவுக்குக் கேட்கும்படி கத்த வேண்டியவன், ஊரில் இருக்கும் உன்னைத்தான் கூப்பிட்டேன். இதையும் பதுருன்னிசா உன்னிடம் சொல்லியிருப்பாள்.

இப்போது என் முடிவைக் கேள். இனி அந்தக் காலைக் கழற்றுவதில்லை. சக்கரம் வீட்டுக்குள் வரும். மிஸ் லிம்மும் அதையே சொன்னாள், தினமும் கழற்றி மாட்டுகிற பொருள் இல்லையாம் அது. வாசலில் ஒரு வாளி, ஒரு ஈரத்துணி, காய்ந்த மிதியடி ஒன்று. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு சக்கரத்தையும் பின்ரப்பரையும் துடைத்து, மிதியடியில் உருட்டிவிட்டு உள்ளே வருகிறேன். தொழுகிற பக்கம் அதைக் கொண்டுபோவதில்லை, அலமாரி ஓரத்திலேயே நிறுத்திவிடுகிறேன். நம் வீட்டில் உன் சட்டத்தை நான் மீறுவது இதுதான் முதல் தடவை. கோபப்படு. ஆனால் அங்கே இருந்துகொண்டே கோபப்படு.

காலையில் எழுந்ததும் நான்கு பட்டனையும் விரலால் தடவிப் பார்க்காமல் ஓர் எட்டு வைப்பதில்லை. டிப்போவில் வண்டியைச் சுற்றிப் பார்க்காமல் நான் ஸ்டார்ட் செய்ததுண்டா? முதலில் கறிப் பையை ஒரு பக்கப் பிடியில் மாட்டினேன், வாக்கர் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போனது. இப்போது தோளில் குறுக்காக மாட்டும் சின்னப் பைதான். உட்காரும்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு சரிவதில்லை, சக்கரம் நழுவிவிடும். நாற்காலி காலில் படும்வரை பின்னால் வந்து, கையால் நாற்காலியைப் பிடித்த பிறகே உட்காருகிறேன். அதை ரொம்ப முன்னால் தள்ளிவிட்டு எட்டிப் பிடிப்பதும் இல்லை. என் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறேன்.

நேற்று காதர் மைதீனைக் கூட வைத்துக்கொண்டு சந்தைவரை போனேன். தொடக்கூடாது, விழுந்தால் பிடித்தால் போதும் என்று அவனுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சாக்கடை மூடிகளை நேராகக் கடந்தேன். சாலை கடக்கும் சிக்னலில் முதியோருக்கான சீனியர் அட்டையைத் தட்டினால் பச்சை மனிதன் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கிறான். அவசரப்படாமல் போய்ச் சேர்ந்தேன். பூக்கடை முன்னால் தரை ஈரமாக இருந்தது, சுற்றிப் போனேன். காதர் மைதீன் திரும்பி வரும்போது, "டேய், உன்னால நான்தான் களைச்சிட்டேன்" என்றான். ராத்திரியில் மருமகள் ருக்சார் அனுப்பும் சோறு வருகிறது. காலையிலும் மாலையிலும் பதுருன்னிசா கதவைத் தட்டுகிறாள், நான் பதில் சொல்லாவிட்டால் திறக்க அவளிடம் சாவி இருக்கிறது. கழுத்தில் ஃபோன் தொங்குகிறது. வீட்டுக்குள் கழற்றுவதில்லை.

சம்சு, உன் வாப்பா மவுத்தானபோது நீ போய்ச் சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. விமானத்தில் இடம் கிடைக்கவில்லை, யார் மேலும் தப்பு இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எத்தனை வருஷம் நீ அதைச் சொல்லி அழுதாய் என்று பார்த்தவன் நான் ஒருவன்தான். இப்போது மாமி உன் கையால் கொடுத்தால்தான் வாய் திறக்கிறார்கள். நீ எழுந்து போனால் கண் கதவுப் பக்கம் போகிறது என்று நீயே சொன்னாய். என் முழங்கைக் காயத்துக்காக அந்த இடத்தை விட்டு எழுந்து வந்தால், பிறகு உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? எனக்குப் பிடித்து நடக்க ஒன்று கிடைத்துவிட்டது. மாமிக்கு உன்னை விட்டால் வேறு எதுவும் இல்லை.

அதனால் கெஞ்சியே கேட்கிறேன், டிக்கெட்டை ரத்து செய். மாமிக்கு என் சலாம் சொல். கண் திறந்திருக்கும்போது காதருகே குனிந்து சொல், மருமகன் நடக்கிறான் என்றும் சொல்.

நீ எப்போது வரவேண்டும் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை நான் எழுதமாட்டேன். அந்த நாளில் அர்ஃபானோடு விமான நிலையத்துக்கு வந்து, கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பேன். நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்பது ஒன்றுதான். மாமிக்காக, நீ திரும்பி வரும் நாளை அல்லாஹ் தள்ளி, இன்னும் தள்ளி வைக்கட்டும்.

உன்,
ஒலி முகம்மது