சிவப்பாகத் தெரிந்தது, அத்தான்

சோடாபுட்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்தும் என்னை நல்ல பையன் என்று நம்பிய ஒரே ஆளான என் அத்தானுக்கு,

மூன்று நாளாக இங்கே மழை. குளம் நிறைந்து மறுகால் பாய்கிறது. உங்கள் சிவகிரி வண்டியில் இப்போது டேப்ரெக்கார்டர் வைத்துவிட்டார்கள். உங்கள் இடத்துக்கு வந்த புதுக் கண்டக்டர் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே விசில் அடிக்கிறார். நிற்கச் சொன்னாரா போகச் சொன்னாரா என்று டிரைவருக்கே தெரிவதில்லை.

உங்கள் மகள் நடக்கிறாள். நடக்கிறாள் என்றா சொன்னேன்? ஓடுகிறாள். நேற்று ஓடிப்போய் எடுத்தது உங்கள் தூண்டில் கம்பை. அக்கா அதைப் பிடுங்கி ஓட்டுக்கு மேலே எறிந்துவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம். எங்கள் வாசகசாலைக் கையெழுத்துப் பத்திரிகையில் துணுக்கு எழுதுவது என் வேலை. இந்த மாதம் துணுக்கு கிடையாது, இதுதான்.

போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசி ஞாபகம் இருக்கிறதா? அக்காவுக்கு ஏழு மாசம். விரால் குழம்பு வேண்டுமென்று கேட்டாள். விரால் மற்ற மீன்களைப்போல முட்டையிட்டுவிட்டுப் போய்விடாது. செக்கச்செவேலென்று குஞ்சுகள் தண்ணீர்மேல் கொதிப்பது போல மிதக்க, அடியில் நின்று காவல் காக்கும். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும்போது புருஷன்காரன் அப்படிக் குஞ்சோடு நிற்கிற மீனைத் தொடக் கூடாது. அதில் நீங்கள் ரொம்பக் கறார். தனி விராலாகப் பார்த்துத்தான் பிடிப்பேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள். மச்சம் பிடிக்கப் போகிறவருக்கு மச்சினன்தானே துணை என்று நானும் தொற்றிக்கொண்டேன்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வெற்றிலை போடத் திரும்பிய நேரத்தில் தூண்டிலில் ஓர் அறுந்த செருப்பை மாட்டியிருந்தேன். அதை இழுத்துப் பார்த்துவிட்டு, ஜோடியையும் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவேன் என்று அசையாமல் உட்கார்ந்துவிட்டீர்கள். குளத்தங்கரையே சிரித்தது, என்னைப் பார்த்து. அதற்குப் பழிவாங்க வேண்டுமென்று இருந்தது எனக்கு.

மழை வலுத்தது. கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க நனைந்தது. கடைசியில் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டீர்கள்.

"ஏலே மாப்ளே, எனக்கு ஒண்ணும் வெளங்கல. அந்தக் கோரைப் பக்கத்துல செவப்பா எதுவும் கெடக்கா? நல்லாப் பாத்துச் சொல்லு."

தெரிந்தது அத்தான். மழைப்புள்ளிகளுக்கு நடுவே ஒரு சுளகு அகலத்துக்குச் சிவப்பாகத் தெரிந்தது.

"ஒண்ணுமில்ல அத்தான், வெறும் பாசி. போடுங்க" என்றேன்.

தூண்டிலில் மாட்டிய தவக்களை தண்ணீரைத் தொட்டதும், குஞ்சு, குஞ்சு என்று நான் கத்த வேண்டும். நீங்கள் பதறிச் சேற்றில் வழுக்கி விழ வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம். நான் வாயைத் திறப்பதற்குள் விரால் வாயைத் திறந்துவிட்டது.

முழங்கை நீளம். கரையில் போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே கண்ணாடியை மாட்டினீர்கள். அப்போதுதான் பார்த்தீர்கள். சிதறிய குஞ்சுகள் திரும்பக் கூடி, அது நின்ற இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தன. விரால் தூண்டில் முள்ளைத் தொண்டைவரை விழுங்கியிருந்தது. விரல் கிழியக் கிழிய அதைக் கழற்றி, மீனைத் தண்ணீரில் விட்டீர்கள். மல்லாந்து மிதந்தது.

அறை விழும் என்று நின்றேன். விழுந்திருக்கலாம். நீங்களோ உங்கள் துண்டைப் பிழிந்து என் தலையில் போட்டீர்கள்.

"இந்த மழையில ஒனக்கு மட்டும் எப்படித் தெரியும்? விடு மாப்ளே. நனையாத."

வீட்டில் நீங்களே அக்காவிடம் சொன்னீர்கள், சரியாகப் பார்க்காமல் போட்டுவிட்டேன் என்று. என்னைக் கேட்டுத்தான் போட்டீர்கள் என்பது உங்கள் வாயில் வரவேயில்லை. பிள்ளை ஒரு மாதம் முந்திப் பிறந்தபோது உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் மாட்டுத் தொழுவத்தில் போய் நின்றேன். அப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் குளத்தில் பொரி போட்டீர்கள். விரால் பொரி தின்னாது அத்தான். அது உங்களுக்கும் தெரியும். கெண்டைகள்தான் தின்றன.

உங்களுக்குக் காமாலை வந்து பன்னிரண்டே நாளில் எல்லாம் முடிந்தது. ஈரல் கெட்டுப்போச்சு என்றார் டாக்டர். அக்கா அதை நம்பவில்லை. நேற்றுக் கம்பை எறிந்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

"நான் வாய்விட்டு மீன் கேட்டேன். அவரு கண்ணப் பொத்திக்கிட்டுப் போட்டாரு. அந்தப் பாவந்தாம்ல அவரைக் கொண்டு போயிட்டு."

பாவத்துக்கு அப்படி ஒரு பலம் உண்டா? உண்டென்றால், ஒரே வீட்டுக்குள் வந்தும் அதற்கு ஏன் ஆள் தெரியவில்லை? நீங்கள் இருந்தபோது சொல்ல எத்தனை வெள்ளிக்கிழமைகள் இருந்தன. பொரிப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு உங்கள் பக்கத்திலேயேதானே நின்றேன்?

பத்திரிகையை நாளைக் காலையில் வாசகசாலையில் வைப்பார்கள். அதற்கு முன்னால், இன்று சாயங்காலம், இதை அக்காவுக்கு நானே வாசித்துக் காட்டுவேன். சிவப்பாகத் தெரிந்தது என்ற இடத்தை முழுங்க மாட்டேன். அவள் என்னோடு பேசாமல் போகலாம். போகட்டும். உங்களைக் குற்றம் சொல்லிக்கொண்டு அவள் இன்னொரு நாள் இருக்க வேண்டாம். பிறகு ஓட்டுமேல் ஏறிக் கம்பை இறக்கித் துடைத்து வைப்பேன். உங்கள் மகள் வளர்ந்து அதைக் கையில் எடுத்து, தண்ணீரில் என்ன தெரிகிறது மாமா என்று என்னைக் கேட்டால், தெரிவதைச் சொல்வேன்.

உங்கள் துண்டை இன்னும் திருப்பித் தராத,
மச்சினன்