போஸ்டர் அம்மாவின் முகம்

அன்புள்ள டைரக்டர் ஐயாவுக்கு,

உங்கள் வீட்டுக்காரி எழுதுவது. போனில் எதுவும் பேசக் கூடாது என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் நம் சவுண்டுக்காரர் உங்களைப் பார்க்க வரும்போது இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் போய் இருக்கும் வெளிநாட்டில் குளிர் அதிகமாமே. ஸ்டைல் கெட்டுவிடும் என்று காதைத் திறந்துபோட்டுக்கொண்டு திரியாதீர்கள்.

குளியலறைக் குழாய் பழையபடி ஒழுக ஆரம்பித்துவிட்டது. கட்டிலில் உங்கள் பக்கம் இப்போது துணி மடித்து வைக்கிற இடம். முன்பெல்லாம் உங்கள் ஒயர்கள் காலில் சிக்கும், நானும் திட்டித் தீர்ப்பேன். இப்போது தடுக்கிவிட ஒன்றுமில்லாமல் வீட்டுக்குள் நடக்கவே ஒரு மாதிரியாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் போஸ்டர் அம்மா, நான் வேலை பார்த்த எங்கள் கட்சி டிவியில் பேசியதைப் பார்த்துவிட்டு, “அந்தம்மா வர்ற இடத்தையெல்லாம் வெட்டித் தூக்கிடறேன்” என்று நீங்கள் குதித்தீர்களாம். வெட்டுவதற்கு முன்னால் நான் சொல்வதைக் கேளுங்கள். அன்றைக்கு அவருக்கு மேக்கப் போட்டது நான்தான்.

வெள்ளத்தின்போது ஆளுங்கட்சித் தலைவர் அவருக்குக் கம்பளி போர்த்திவிட்ட போஸ்டர் இன்னும் நம் தெருமுனையில் இருக்கிறது. ஓரமெல்லாம் கிழிந்து தொங்குகிறது, எடுப்பாரில்லை. கேமராக்கள் போனதும் அந்தக் கம்பளியைத் திரும்ப வாங்கி அடுத்த முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று உங்கள் படத்தில் அவர் சொன்ன அந்த ஒரு இடத்துக்காகத்தானே உங்கள்மேல் இத்தனை பெரிய வழக்கு? அவர் வாயாலேயே அதைப் பொய்யாக்கிவிட வேண்டும் என்றுதான் கூட்டி வந்தார்கள்.

மேக்கப் அறையில் யார் யாருடைய மனைவி என்று எவரும் கேட்பதில்லை. நிகழ்ச்சித் தயாரிப்பாளர் எட்டிப் பார்த்து, “பவுடர் லேசா போதும், பாவப்பட்டவங்க மாதிரியே தெரியணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலில் ஒரு கட்சிக்காரர் நின்றுகொண்டே இருந்தார். அந்த அம்மா நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பவுடர் போடுவதிலேயே இருந்தேன்.

நிகழ்ச்சியை மேக்கப் அறை டிவியில்தான் பார்த்தேன். “அந்தப் படக்காரர் சொல்லச் சொன்னதைத்தானே சொன்னீங்க?” என்று விதவிதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் “ஆமாங்க” என்றார். எனக்கும் உங்களைப் போலவே பற்றிக்கொண்டு வந்தது, பொய் சொல்லவில்லை.

முடிந்ததும் பவுடரைத் துடைக்க வந்து உட்கார்ந்தார். கட்சிக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். அந்த அம்மா சட்டென்று என் கையைப் பிடித்து, “நீ அந்தத் தம்பி சம்சாரம்தானே? படம் புடிக்க வந்தப்ப போன்ல உன் போட்டோவக் காட்டுச்சு. கோவக்காரி, ஆனா தங்கம்னு சொல்லுச்சு” என்றார். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “சொல்லியிருந்தா உன் கை நடுங்கியிருக்கும், என் மூஞ்சி கோணிப்போயிருக்கும்” என்றார். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை எனக்கு.

புதுக் குடியிருப்பில் அவருக்கு ஒரு வீடு ஒதுக்கியிருக்கிறார்களாம். வெள்ளத்துக்குப் பிறகு அவர் கணவருக்குக் கால் விளங்கவில்லை. தகரக் கொட்டகையில் அவரைத் தூக்கித் தூக்கிப் படுக்க வைத்து இவருக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. சொன்னபடி பேசாவிட்டால் சாவி கிடையாது என்றிருக்கிறார்கள். “தம்பிகிட்டச் சொல்லு, என்னை வெட்டிட வேணாம்னு. போஸ்டர்ல நிக்கறது, இப்ப டிவில உளறுனது, அதெல்லாம் நானா? அந்தப் படத்துலதான் நான் இருக்கேன். அதுலயும் இல்லன்னா எப்படி?” என்று கேட்டார்.

உங்களுக்கு ஆபத்தாயிற்றே அம்மா என்றேன். “சாவி கைக்கு வரட்டும். அவரை உள்ள கொண்டுபோய்ப் படுக்க வெச்சிடறேன். அப்புறம் ஊருக்கே போட்டுக் காட்டச் சொல்லு” என்றார். பிறகு மட்டும் விட்டுவிடுவார்களா என்று கேட்டேன். “குடிவந்தவளக் கிளப்பறது அவ்வளவு லேசா? கிளப்பட்டுமே, அதையும் உன் புருஷன் வந்து படம் புடிக்க மாட்டாரா?” என்று சொல்லிவிட்டு, பாதி துடைத்த முகத்தோடு சிரித்தார். அந்தச் சிரிப்பை நீங்கள் எடுத்திருக்க வேண்டும்.

நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு, கொஞ்ச நாள் வீட்டில் ஓய்வெடுங்கள் என்று மிக மரியாதையாகச் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறேன். போட்டு முடித்த பிறகு அழுது கலைத்துவிடுகிறார்கள் என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. இதற்காக மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்த மாதமே அந்தப் பெரிய விழாவுக்குப் படம் போய்ச் சேர வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மா இல்லாமல் அனுப்பினால் பரிசே கிடைக்கலாம். ஆனால் வேண்டாத முகத்தை எங்கள் டிவி வெட்டுகிறது என்று சாப்பாட்டைக்கூட வைத்துவிட்டுக் கத்தியவர் நீங்கள். கோபத்தில் நீங்களும் அதையே செய்யலாமா? சாவி வரும்வரை பொறுங்கள். இந்த விழா போனால் வேறு விழா.

படத்தை அனுப்பிய கையோடு ஊருக்குப் புறப்படுகிறேன், பிடித்து உள்ளே போட்டாலும் பரவாயில்லை என்று சொல்லியனுப்பியிருந்தீர்கள். அந்த நாளை எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது பொறுங்கள் என்று நானே எழுதுகிறேன். எழுதிவிட்டு எழுந்து போய்க் குழாயை இறுக்கிப் பார்த்தேன், நிற்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஜாமீனுக்கு வழி இருக்கிறது என்று வக்கீல் சொல்கிறார். அவர் வரச் சொல்லும்போது வாருங்கள், அதற்கு முன்னால் வீரம் காட்ட வேண்டாம். படம் மெதுவாக வரட்டும். நீங்கள் எனக்கு முழுசாக வந்து சேர்ந்தால் போதும்.

என்றும் உங்கள்,
மனைவி