ரொட்டியைப் பிட்டு மாற்றிய நிலம்

கஸானில் இருக்கும் என் மகள் சய்கலுக்கு, அப்பா ஜுமாஷ் சொல்லச் சொல்லத் தபால்காரம்மா எழுதுவது. நானும் மாடு கன்றுகளும் நலம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும், குளிரில் தலையை மூடாமல் போகாதே.

ரூபிள் செல்லாமல் போய் நம் சோம் பணம் வந்ததற்கு மறுவருஷம், ஆற்றுப்பாலத்தை வெள்ளம் கொண்டுபோனதே, அந்த வசந்தத்தில்தான் கூட்டுப்பண்ணையைக் கலைத்து நிலத்தைப் பங்கு போட்டார்கள். நீ பிறந்து நான்கே நாள், பட்டியலில் உன் பெயரும் ஏறிவிட்டது. கணக்கர் தன் கம்பளித் தொப்பியில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்க, பக்கத்து வீட்டு மம்பெத், "அடேய் ஜுமாஷ், தொட்டில்ல கெடக்கறவளுக்கும் நிலமாடா, அவளையே வந்து உழச் சொல்லு" என்று கத்தினான், மண்டபமே சிரித்தது. உனக்காக நான் எடுத்த சீட்டில் தண்ணீர் ஏறாத மேட்டுச் சரிவு. அவனுக்கு வாய்க்காலோரம். அவன் ஆட்டுப்பட்டியோ சரிவை ஒட்டி. "எனக்கு மேய்ச்சல், உனக்குத் தண்ணி, மாத்திக்குவமாடா?" என்றான். வாய்க்கால் கரையிலேயே ரொட்டியைப் பிட்டு ஆளுக்குப் பாதி தின்றோம், கையேந்தி துவா சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டோம், முடிந்தது. காகிதத்தையும் மாற்ற வேண்டும் என்று இரண்டு மடையனுக்கும் தோன்றவில்லை. உன் அம்மா அந்த வாய்க்காலோரத்தில் வைத்த ஆப்பிள் மரங்கள் இந்த வருஷமும் பூத்துக் கொட்டின. அவளுடைய கடைசி வசந்தத்தில் அவளை அங்கேதான் தூக்கிப்போய் உட்கார வைத்தேன்.

இப்போது மம்பெத்தின் மகன் தலந்த் அந்த நிலத்தை டவுன்காரனுக்கு விற்கப் போகிறானாம். "பெரியப்பா, காகிதம் எங்கப்பன் பேர்ல இருக்கு. ரொட்டியில கையெழுத்து இருக்கா?" என்கிறான். போன வியாழன் ஊர்ப் பெரியவர்கள் கூடி, மாற்றியதைப் பார்த்தவர் யாராவது உயிரோடிருந்து சொன்னால் நிலம் சய்கலுக்கு, இல்லையென்றால் தலந்துக்கு என்றார்கள். யார் பார்த்தது என்று கேட்டதற்கு நான் ஞாபகமில்லை என்றேன். எவன் ஆடு எந்த வருஷம் எத்தனை குட்டி போட்டது என்று சொல்பவன் நான், அவர்கள் நம்பவில்லை. புல் அறுப்பு வரை தவணை.

பங்கு உன்னுடையது, முடிவும் உன்னுடையது. சொல் என்றால் பார்த்தவர் பேரைச் சொல்கிறேன். அறுப்புக்கு முன் பதில் போட மறக்காதே. உன் வாசலில் எப்போதும் நல்லவர்கள் காலடி படட்டும். கீழே என் பெருவிரல் ரேகை.

யார் என்று கேட்பாய். அன்று கரையில் நின்ற கணக்கர் போய்விட்டார், தண்ணீர் முறை பார்த்த ஒஸ்மோன் போய்விட்டான், மம்பெத்தும் போய்விட்டான். ரொட்டி கொண்டுவந்தவள் மட்டும் இருக்கிறாள். உன் அம்மா காய்ச்சலில் கிடந்த நாற்பது நாளும் தலந்துக்கு ஒரு பக்கம், உனக்கு ஒரு பக்கம் என்று பால் கொடுத்தவள், அவனைப் பெற்றவள், உல்கன்.