துளையில்லாத பம்புகள்

30 மார்ச் 1979, வெள்ளி. கரோல் பாக்.

பம்பு வாங்கும் ஃபைலில் நான் கையெழுத்துப் போடவில்லை. போன மார்ச்சில் வாங்கிய அடிபம்புகளே கிடங்கில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. பம்பு வாங்கப் பணம் ஒதுக்கியவர்கள், அதை நட கிராமத்தில் ஆழ்துளை போட ஒதுக்கவில்லை. நாளைக்குள் செலவழிக்காவிட்டால் இந்த வருஷப் பணம் திரும்பிப் போய்விடுமாம். அதற்காக இன்னும் பம்பு வாங்க வேண்டுமாம்.

“துளை போடாம பம்பை எங்கே சார் நடறது? உங்க மேஜை மேலயா?” என்றேன்.

அதிகாரி ராகவனுக்கு என் மகன் வயது. “எஸ்.எஸ்.எல்.சி. படிச்சுட்டு சர்க்காருக்கே பட்ஜெட் பாடமா?” என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “பணம் மிஞ்சினா, தேவையில்லேன்னு அடுத்த வருஷம் வெட்டிடுவாங்க. அப்புறம் துளைக்கும் கிடைக்காது. ரிடையர் ஆகாம உங்க சர்வீஸை நீட்டற எக்ஸ்டென்ஷனும் என் கையிலதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்.”

விதிகளை நானே படித்துத் தெரிந்துகொண்டவன். இதற்கெல்லாம் மசிய மாட்டேன். ஃபைலை அலமாரியில் பூட்டி, சாவியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

“சாவியைக் குடுத்துடுங்கோ. எக்ஸ்டென்ஷன் இல்லேன்னா வாடகைக்கு என்ன பண்றது?” என்றாள் என் மனைவி ஜானகி.

வாடகையைச் சமாளிக்கலாம். துளைக்கும் கிடைக்காது என்றானே, அதுதான் தூங்க விடவில்லை. அவன் சொன்னது பொய்யில்லை. அப்படி வெட்டியதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு கிராமத்துக்கும் தண்ணீர் வராமல் செய்தவன் நானாகிவிட்டால்?

காலையில் ராகவன் கை நீட்டுவான். துருவுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனால் சாவியை அவன் கையில் வைத்துவிடுவேன்.