ஹாரன் செல்லாத தெரு

அனுப்புநர்
க. மாரீஸ்வரி,
த/பெ. (மறைந்த) கண்ணுச்சாமி,
பழைய மில் குடியிருப்பு, மூன்றாம் தெரு,
இராஜபாளையம்.

பெறுநர்
உயர்திரு காவல் ஆய்வாளர் அவர்கள்,
போக்குவரத்துப் பிரிவு,
இராஜபாளையம்.

பொருள்: மூன்றாம் தெரு முக்கில் உள்ள 'நில்' பலகையின் முன் வாகனங்கள் நிற்க ஆவன செய்யவும், அதன் கீழுள்ள 'ஒலி எழுப்பவும்' பலகையை அகற்றவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த திங்கட்கிழமை காலை மேற்படி முக்கில், மில் வேன் ஓட்டுநர் திரு சீனிச்சாமி என் தாயாரைப் பார்த்து, "காதென்ன அடைச்சா கெடக்கு?" என்று கேட்டார். அருகில் நின்ற நான், "ஆமாம், அவருக்குக் காது கேட்காது" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திரு சீனிச்சாமி மன்னிப்புக் கேட்டிருப்பார். அவர் கெட்டவர் அல்லர். ஆனால் என் தாயாருக்குக் காது கேட்காது என்பது எங்களுக்குத் தெரியாது என்று என் தாயார் நினைத்துக்கொண்டிருக்கிறார். நாங்களும் தெரியாதவர்களாகவே நடந்துவருகிறோம். அன்று முக்கில் சொல்லாததைத் தங்களிடம் எழுத்தில் தெரிவிக்கிறேன்.

2. என் தாயார் திருமதி வெங்கடேஸ்வரி, இருபது ஆண்டுகளுக்கு மேல் மில்லில், நூல் நூற்கும் ரிங் பிரேம் பிரிவில் வேலை பார்த்தவர். அந்தப் பிரிவின் இரைச்சலைத் தாங்கள் கேட்டிருக்கலாம். கேட்டிராவிட்டால், எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் மாலையில் டி.வி. ஓடும்போது வந்தால் ஓரளவு விளங்கும். தெருவில் பாதிப் பேர் அதே பிரிவில் நின்றவர்கள். இரைச்சலுக்கு நடுவே உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள். இன்றும் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி சத்தமே இல்லாமல் சண்டை போடுவார்கள். பார்க்கப் படு அமைதியாக இருக்கும். காதோடு ரகசியம் பேச வேண்டியவர்கள் மட்டும் அடுத்த தெருவுக்குப் போய்ப் பேசிவிட்டு வருகிறார்கள். முகத்துக்கு நேரே பேசினால் என் தாயார் எவருக்கும் சளைக்காமல் பதில் சொல்வார். ஆகவே வெளியாட்கள் எவருக்கும் ஒன்றும் தெரியாது. முதுகுக்குப் பின்னால் வரும் வேனுக்கும் தெரியாது.

3. ரயில்வே கேட் அடைபடும் போதெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வண்டிகள் எங்கள் தெரு வழியாகத் திரும்புகின்றன. அதற்காகத்தான் முக்கில் 'நில்' பலகை வைக்கப்பட்டது. அதன் முன் நிற்பதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறை வைத்திருக்கிறார்கள். இருசக்கர வாகனத்தினர் வலது காலை எடுத்துச் செருப்பைத் தரையில் லேசாகத் தேய்க்கிறார்கள், நின்றதாகக் கணக்கு. ஆட்டோக்காரர்கள் கையை மட்டும் வெளியே நீட்டுகிறார்கள். மற்றவர்கள் நிற்க வேண்டும் என்று பொருள். கார்க்காரர்கள் வலப்பக்கம் பார்க்கிறார்கள், இடப்பக்கம் பார்க்கிறார்கள், காவலர் எவரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு போகிறார்கள். கிருஷ்ணன்கோவில் பக்கமுள்ள ஒரு கல்லூரியின் நூலகத்தில் நான் பணிபுரிகிறேன். என்னை ஏற்றிச்செல்லும் கல்லூரிப் பேருந்தும், நான் ஏறிய மறு நொடியே, அந்தப் பலகையைக் கண்டுகொள்ளாமல் கடக்கிறது. இவர்களில் எவருக்காவது செல்போன் அடித்தால் மட்டும், உடனே ஓரங்கட்டி, அதே பலகையின் நிழலில் நின்று பேசுகிறார்கள். ஆகவே வண்டிகளில் பிரேக் உள்ளது என்பதில் எனக்கு ஐயமில்லை.

4. இது பற்றி முன்பே ஒரு முறை வார்டு கூட்டத்தில் வாய்மொழியாக முறையிட்டேன். அனைவரும் அக்கறையோடு கேட்டார்கள். அடுத்த வாரமே, கடைவீதி நண்பர்கள் சிலர் சேர்ந்து, 'நில்' பலகைக்குக் கீழே 'ஒலி எழுப்பவும்' என்று இன்னொரு பலகையை மாட்டிக்கொடுத்தார்கள். பலகையில் உபயதாரர் பெயர் மிகத் தெளிவாகத் தெரிகிறது. நல்ல மனதோடுதான் செய்தார்கள். நம் ஊரில் ஹாரன் அடிப்பது மரியாதை. அடிக்காமல் வந்து நிற்பவரைத்தான் சந்தேகமாகப் பார்ப்போம். ஆனால் ரிங் பிரேமில் காதைத் தொலைத்தவர்கள் குடியிருக்கும் தெருவில், பலகை வைத்து ஹாரன் அடிக்கச் சொன்ன ஊர் தமிழ்நாட்டிலேயே நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும். அன்று முதல் எல்லோரும் பலகைக்குக் கட்டுப்பட்டே ஓட்டுகிறார்கள், கீழ்ப்பலகைக்கு.

5. இனித் திங்கட்கிழமை நடந்தது. மில்லை விட்ட பிறகு என் தாயார் சாலைக்கு எதிர்ப்புறமுள்ள பேண்டேஜ் யூனிட்டிலிருந்து, காயத்துக்குக் கட்டும் காஸ் துணி வாங்கிவந்து, வீட்டில் உருளைகளாகச் சுற்றி, காலையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அங்கேயே மதியம் வரை வேலை பார்ப்பார். அன்று நான் எதிர்ப்புறம் பேருந்துக்குக் காத்திருந்தேன். அவர் ஒரு கையில் உருளைகள் நிறைந்த சாக்குப்பையும் மறு கையில் நான் மறந்துவிட்டு வந்த டிபன் பாக்ஸுமாக முக்குக்கு வந்தார். பாக்ஸை உயர்த்திக் காட்டி, "இத யாரு திம்பா?" என்று உதட்டசைவில் என்னை ஏசிக்கொண்டே சாலையில் இறங்கினார். அவர் கண் என் முகத்தில் இருந்தது. கேட் பக்கமிருந்து வேன் வந்தது.

கூப்பிட்டுப் பயனில்லை என்பதால் நான் கூப்பிடவில்லை. இரு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்தேன். மில்லில் அதற்கு 'மிஷினை நிறுத்து' என்று பொருள். எங்கள் வீட்டில் குக்கருக்கும் மிக்ஸிக்கும் அதுதான் சைகை. என் தாயார் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றார். வேன் அவரைத் தொடவில்லை. பையை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனது.

6. அதன் பின் நடந்ததைக் கூடிய வரை சுருக்கமாகக் கூறுகிறேன். பை கிழிந்தது. உருளைகள் உருண்டன. சிலவற்றின் முனை பின்சக்கரத்தில் சிக்கி, வேன் போகப் போகத் துணி அவிழ்ந்து, சாலை நெடுக வெள்ளையாக விரிந்தது. மிச்சம் அச்சில் போய்ச் சுற்றிக்கொள்ள, வேன் திணறி நின்றது. அந்த முக்கில் அது நின்று நான் பார்த்தது அதுவே முதல் முறை.

முக்கில் இட்லிக் கடை வைத்திருக்கும் திருமதி பரிபூரணம் இதற்குச் சாட்சி. அங்கே நடந்த பேச்சை, விசாரணைக்கு உதவும் என்பதால், உள்ளபடியே தருகிறேன். ஓட்டுநர் இறங்கி வந்து, "ஏம்மா, காதென்ன அடைச்சா கெடக்கு? கேட்டுலருந்து எம்புட்டு நேரமா ஹாரன் அடிச்சிட்டு வாரேன்!" என்றார். என் தாயார் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ அடிச்சது ஹாரன். அடிக்க வேண்டியது பிரேக்கு. ரெண்டும் ஒரே எடத்துலயாலே இருக்கு?" என்றார். ஓட்டுநர் கீழ்ப்பலகையைக் காட்டி, "ஒலி எழுப்பவும்னு போட்டிருக்குல்ல?" என்றார். திருமதி பரிபூரணம் கடைக்குள்ளிருந்தே, "மேல ஒண்ணு போட்டிருக்கே, அது யாருக்கு, எருமைமாட்டுக்கா?" என்றார். "அக்கா, ஏழு மணிச் சங்குக்குள்ள ஆளுகளக் கொண்டுபோய்ச் சேக்கணும்க்கா, நீங்க வேற" என்றார் ஓட்டுநர்.

7. இதற்கிடையில், தூரத்திலிருந்து பார்த்த எவரோ, இவ்வளவு கட்டுத் துணி கிடந்தால் அடி பலமாகத்தான் இருக்கும் என்று எண்ணி, 108-க்கு அழைத்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தது. வந்து, 'நில்' பலகையின் முன் முறையாக நின்று, இருபுறமும் பார்த்து, பிறகே முக்கில் திரும்பியது. அன்று காலை அந்தப் பலகையை மதித்த ஒரே வாகனம், அவசரத்தில் போகும் உரிமையுள்ள அந்த ஆம்புலன்ஸ்தான் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். இறங்கியவர், "பேஷண்ட் எங்க?" என்று கேட்டார். திருமதி பரிபூரணம் வேனின் அடிப்பாகத்தைக் காட்டி, "அந்தா கெடக்கு. கட்டெல்லாம் போட்டாச்சு, நீங்க கூட்டிட்டுப் போனாப் போதும்" என்றார்.

வேனிலிருந்த மில் பெண்கள் இறங்கி வந்து, என் தாயாரோடு சேர்ந்து துணியைச் சுற்றத் தொடங்கினார்கள். எங்கள் தெருப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கேட் வரை வண்டிகள் தேங்கி, எல்லாம் ஒருசேர ஹாரன் அடித்தன. எங்கள் தெருவினர் எவரும் அவசரப்படவில்லை. இருபுறமும் நின்று, உதட்டால் ஊர்க்கதை பேசிக்கொண்டு, அழுக்கான பகுதியைக் கிழித்து ஒதுக்கி, மிச்சத்தை நிதானமாகச் சுற்றிமுடித்தார்கள். திரு சீனிச்சாமியும் அச்சுக்கு அடியில் படுத்துத் தம் பங்கைச் சுற்றி எடுத்தார். அவர் மீது தனிப்பட்ட நடவடிக்கை எதுவும் நான் கோரவில்லை.

8. வீட்டுக்கு வந்ததும் என் தாயார் தண்ணீர் குடித்தார். பிறகு என்னிடம், "அவன் கேட்டுலருந்தேவா அடிச்சிட்டு வந்தான்?" என்று கேட்டார். "இல்லம்மா, கிட்ட வந்துதான் அடிச்சான்" என்றேன். அரசு அலுவலருக்கு எழுதும் மனுவில் உண்மையே இருக்க வேண்டும் என்பதால் இங்கே திருத்திக்கொள்கிறேன்: கேட்டிலிருந்தே அடித்துக்கொண்டு வந்தார். இடைவிடாமல் அடித்தார்.

9. இராணுவத்தில் பணிபுரியும் என் அண்ணன் வேல்பாண்டி அன்றிரவே வீடியோவில் அழைத்தார். "இனிமே ஒண்ணும் வேலைக்குப் போக வேண்டாம். வீட்டோட இருங்க" என்றார். என் தாயார் திரையில் அவர் வாயைப் பார்த்துவிட்டு, "நான் வீட்டுல இருந்துட்டா ரோடு திருந்திருமாலே?" என்றார். அண்ணன் அக்கறையில் சொல்கிறார். ஆனால் சாலையை ஒருவர் பத்திரமாகக் கடக்க வேண்டுமானால் யாராவது ஒருவர் நின்றாக வேண்டும். அது வாகனமாக இருக்க வேண்டும் என்று பலகை சொல்கிறது. என் தாயாராக இருக்கட்டும் என்று வீடு சொல்கிறது. காலை எழுந்து, தலைவாரி, பையைத் தூக்கிக்கொண்டு அந்த யூனிட்டுக்குப் போய், உதடு பார்த்துப் பேசும் பெண்களோடு மதியம் வரை உட்கார்ந்திருப்பதுதான் அவருடைய நாள். அது போனால் அவருக்கு டி.வி. மட்டும் மிஞ்சும். அதையும் அவர் பார்க்கத்தான் முடியும்.

10. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள், பாதுகாப்புப் பணியிலும் இருந்திருப்பீர்கள். அத்தனை பேர் வடம் பிடித்து இழுக்கும் அவ்வளவு பெரிய தேர், சக்கரத்தடியில் ஒரு முட்டுக்கட்டையைப் போட்டால் நின்றுவிடுகிறது. ஒரு மில் வேன் அதைவிடக் கனமானது அன்று. ஆகவே கீழ்க்காண்பவற்றைச் செய்து தருமாறு வேண்டுகிறேன்.

'ஒலி எழுப்பவும்' பலகையை அகற்ற வேண்டும். உபயதாரர் மனம் நோகாதபடி அதை ஊருக்கு வெளியே ஏதேனும் மலைப்பாதை வளைவில் வைக்கலாம். பலகைக்கு முன் ஒரு வேகத்தடை போட உரிய துறைக்குப் பரிந்துரைக்க வேண்டும். ஷிப்ட் மாறும் நேரங்களில் ஒரு காவலரை முக்கில் நிறுத்த வேண்டும். அவர் விசில் ஊதத் தேவையில்லை, கையைக் காட்டினால் போதும். மில் வேன் ஓட்டுநர்களையும் கல்லூரிப் பேருந்து ஓட்டுநர்களையும் அழைத்து, ஹாரன் அடிப்பது நிற்பது ஆகாது என்று எடுத்துச் சொல்ல வேண்டும்.

11. விசாரணைக்கு வரும் அலுவலர், பத்தி ஒன்றிலும் இரண்டிலும் கண்ட விவரத்தை என் தாயாரிடம் கேட்க வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டால், நன்றாகக் கேட்கிறது என்று சொல்லிவிடுவார், மனு தள்ளுபடியாகிவிடும்.

எங்கள் தெரு பெரிதாக எதையும் கேட்டுப் பழகியதில்லை. ஒரு நொடி நிற்கச் சொல்லித்தான் கேட்கிறோம். தாங்கள் மனம் வைத்து அந்த ஒரு நொடியை வாங்கித்தர வேண்டுகிறேன்.

இடம்: இராஜபாளையம்
நாள்: 14.11.2024

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
க. மாரீஸ்வரி

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமையிலிருந்து என் தாயார் வேலைக்குப் போகவில்லை. யூனிட்டுக்குத் துணி வரவில்லை, வந்ததும் போவேன் என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார். நேற்று மாலை பேருந்திலிருந்து இறங்கியதும் யூனிட்டில் போய்க் கேட்டேன். துணி வந்திருக்கிறது.